ஃபேரூன்: 1987 வரைபடமா, 2001 வரைபடமா?

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதாபாத்திர மேசை ஆட்டத்தை, அதற்கான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகில் நடத்த முனைபவர் விரைவில் இந்தக் குழப்பத்தில் மாட்டுவார். 1987இல் வந்த வரைபடத்திலும் 2001இல் வந்ததிலும் ஊர்கள் அவையே, தூரங்கள் வேறு. 2001இல் ஆட்டத்தின் மூன்றாம் பதிப்புக்காக, அந்த உலகின் ஃபேரூன் கண்டத்தையே சுருக்கி, இடையிலிருந்த வெற்றிடங்களை வெட்டி, சில பகுதிகளை வளைத்துவிட்டார்கள். கதைக்குள் இதற்குக் காரணம் எதுவும் கிடையாது, நிலநடுக்கம்கூட இல்லை!

தூரம்
1987: ஊர்களுக்கு நடுவே நாள் கணக்கில் வெறும் காடும் மேடும். உணவு தீரும், வழி தவறும், கொள்ளையர் வருவார்கள், பயணமே ஆட்டமாகிவிடும்.
2001: எல்லாம் நெருக்கம். அடுத்த நகரத்துக்குச் சீக்கிரம் போய்விடலாம்.

அளப்பது
1987: வரைபடம் வந்த பெட்டியிலேயே அறுகோணக் கட்டமிட்ட ஒளிபுகும் தாள்கள் இருந்தன. வரைபடத்தின் மேல் வைத்து எண்ணினால் போதும். இதைவிட எளிய வழி இதுவரை என் கண்ணில் படவில்லை.
2001: அளவுகோலும் நூலும் எடுங்கள்.

அழகு
2001தான். சந்தேகமே இல்லை.

பிற நூல்கள்
1987: இரண்டாம் பதிப்புக் காலத்து நூல்களோடு பொருந்தும்.
2001: மூன்றாம் பதிப்போடு மட்டும். 2008இல் நான்காம் பதிப்பு மாயப் பேரழிவு ஒன்றைக் காட்டி நிலத்தை மறுபடி மாற்றியது.

காட்டுவழிப் பயணம் பிடித்த குழுவுக்கு 1987. நகரச் சூழ்ச்சிகளும் நிலவறைகளும் போதுமென்றால் 2001. இரண்டையும் கலக்க வேண்டாம். பயண நாள்களைக் குறித்துவைக்கும் ஆட்டக்காரர் குழுவில் ஒருவராவது இருப்பார்.