57-ல் கரண்ட் பஸ்: தினமும் ஏறி இறங்குகிறவன் சொல்வது

சென்னை மூலக்கடை ஸ்டாப்பில் நிற்கும்போது, தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பர் பிளேட்டைத்தான் இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன். பச்சையில் மஞ்சள் எழுத்து என்றால் அது கரண்ட் பஸ். போர்டில் ரூட் நம்பர் 57 என்று இருந்தால் போதும் என்று எதிலும் தொற்றிக்கொண்டு போன ஆள், இப்போது பிளேட் பார்த்து ஏறுகிறேன் என்றால் சுற்றுச்சூழல் அக்கறைதான் காரணம் என்று பொய் சொல்ல மாட்டேன். காரணம் படிக்கட்டு.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு, இரண்டு முட்டியும் போச்சு. மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சுகர் மாத்திரை வாங்க மின்ட் வரைக்கும் வர வேண்டும். பழைய பஸ்ஸில் முதல் படியே முட்டி உயரத்துக்கு இருக்கும், கம்பியைப் பிடித்து, நான் பின்னால் இருந்து தாங்கி, மேலே இருக்கிற யாராவது கை கொடுத்து, இதற்குள் விசில் அடித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. இந்த பஸ்ஸில் படியே கிடையாது. தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில் பஸ்ஸின் உள்தளம், ஸ்டாப்பில் இடதுபக்கமாக இன்னும் கொஞ்சம் சாய்ந்து இறங்கவும் முடியும். முதல் தடவை அம்மா காலைத் தூக்கிவைத்துவிட்டு அடுத்த படியைத் தேடினாள். அடுத்த படி இல்லை. "அவ்ளோதானாடா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு கேள்விக்காகவே என்னுடைய ஐந்தில் நான்கு ஸ்டாரை இதற்குக் கொடுத்துவிடலாம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் இருக்கிறது. தாழ்தள பஸ் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் ஹைகோர்ட் வரைக்கும் போய் எத்தனை வருஷம் போராடினார்கள் என்பது நினைவிருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடி டெப்போவில் முதலமைச்சர் கொடியசைத்து 120 பஸ்கள் ஓட ஆரம்பித்தன. மதிப்பு 207.90 கோடி ரூபாய், உலக வங்கி உதவியோடு நடக்கும் திட்டம். பஸ் அசோக் லேலண்டின் ஸ்விட்ச் கம்பெனி தயாரிப்பு, நம்மூர் சரக்குதான். ஆகஸ்டில் பெரும்பாக்கம் டெப்போவிலிருந்து இன்னும் 135, அதில் 55 ஏசி. இதற்கு முன்னால் 2019-லேயே சென்ட்ரலிலிருந்து திருவான்மியூருக்கு ஏ1 ரூட்டில் ஒரே ஒரு பஸ்ஸை வெள்ளோட்டம் விட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? பேப்பரில் போட்டோ வந்ததோடு சரி, சாதாரண ஜனங்கள் கண்ணில் படுகிற அளவுக்கு வர அப்புறம் ஆறு வருஷம் ஆனது. இந்தத் தடவை வடசென்னையில் ஆரம்பித்தது எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம். புதுசு எதுவாக இருந்தாலும் முதலில் ஓ.எம்.ஆர்., அப்புறம் அண்ணா நகர், நமக்குக் கடைசியில் மிச்சம் மீதி என்பதுதானே வழக்கம்.

சரி, உள்ளே எப்படி இருக்கிறது? சத்தமில்லை. இதைப் படிக்கும்போது பெரிதாகத் தோன்றாது, ஏறி உட்கார்ந்தால்தான் தெரியும். டீசல் பஸ்ஸில் இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனால் தொடையில் சூடு, சிக்னலில் நிற்கும்போது ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும், அந்த ஆட்டம் இறங்கின பிறகும் கொஞ்ச நேரம் உடம்பில் இருக்கும். இதில் சிக்னலில் நின்றால் ஃபேன் காற்றில் யாரோ டிக்கெட்டைப் படபடக்க விடுவதுகூடக் கேட்கிறது. இதனால் ஒரு பக்கவிளைவு உண்டு. முன்பெல்லாம் போனில் பேசுகிறவர் சத்தத்தை இன்ஜின் முழுங்கிவிடும். இப்போது எருக்கஞ்சேரியிலிருந்து வியாசர்பாடி வரைக்கும் ஒருவருடைய சீட்டுப்பணத் தகராறை முப்பது பேரும் சேர்ந்து கேட்டு, யார் பக்கம் நியாயம் என்று மனசுக்குள் தீர்ப்பும் சொல்லி முடித்துவிட்டோம்.

நின்றுகொண்டு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கரண்ட் மோட்டாரில் ஓடுகிற வண்டிக்கு இழுவை உடனே கிடைக்கும், டீசல் மாதிரி உறுமி, கியர் மாற்றி, யோசித்துக் கிளம்பாது. டிரைவர் கால் வைத்த மறுநொடி வண்டி நகரும். பிரேக்கிலும் அப்படித்தான், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறையும், அந்த ஓட்டத்தையே மறுபடி பேட்டரியில் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கை பழகிய டிரைவர் என்றால் பாலில் போவது போல இருக்கும், புது ஆள் என்றால் மேலே தொங்கும் பிடியை விடாதீர்கள்.

குறை என்று பார்த்தால், சீட் 39-தான். காலை எட்டரைக்கு சர்மா நகரில் ஏறுகிற கூட்டத்துக்கு இது எந்த மூலைக்கு? சக்கரம் இருக்கிற இடத்தில் சீட் கொஞ்சம் மேடாக வைத்திருப்பதால், வயசானவர்கள் எல்லாரும் முன்பக்கத்துத் தாழ்ந்த சீட்டுகளையே பிடிக்கப் பார்க்கிறார்கள், அதனால் நடைபாதை முன்பக்கம் அடைத்துக்கொண்டு பின்பக்கம் காலியாக இருக்கிற கூத்தைத் தினமும் பார்க்கலாம். கண்டக்டர் தொண்டை வற்ற "உள்ளே போங்க உள்ளே போங்க" என்கிறார். ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோ வரிசையாக நின்றால் பஸ் ஓரம் கட்ட முடியாமல் நடுரோட்டில் நிற்கிறது. தாழ்தளம் எல்லாம் பிளாட்பாரத்தை ஒட்டி நின்றால்தான் பிரயோஜனம், நடுரோட்டில் அம்மா இறங்கும்போது பக்கத்தில் பைக் பறந்தால் படி இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன. இதற்கு பஸ்ஸைக் குறை சொல்லி லாபமில்லை.

ஒருநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். பூக்கூடையோடு ஒரு அம்மா, தலையில் சும்மாடு, பஸ் வந்து நின்றும் ஏறாமல் ஒதுங்கி நிற்கிறார். கண்ணாடிக் கதவும் மினுமினுப்பும் பார்த்து ஏசி பஸ், காசு ஜாஸ்தி என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். கண்டக்டர் கதவில் தலையை நீட்டி, "யம்மா, ஏசி இல்ல, ஏறும்மா!" என்று கத்தினார். அவர் நம்பவில்லை. உள்ளே இருந்து இரண்டு பெண்கள் "ஏறுக்கா, நாங்கல்லாம் இதுலதான் போறோம்" என்றதும்தான் கூடையை முதலில் உள்ளே தள்ளிவிட்டு ஏறினார். கூடை ஏறினதும் சுலபமாகத்தான், தூக்க வேண்டியதே இல்லை, தள்ளினால் போதும். இந்த மாதிரிப் பேருக்காகவாவது பஸ் முகப்பில் கொட்டை எழுத்தில் கட்டணம் என்னவென்று எழுதிப் போடலாம். பேட்டரியைப் பற்றி எவ்வளவு விளம்பரம் செய்கிறோம், இதைச் செய்யக் கூடாதா?

இனி பணக் கணக்கு, ஏனென்றால் அரசாங்கம் மாற்று எரிபொருள் என்று எதைக் கொண்டுவந்தாலும் கடைசியில் யார் தலையில் விடிகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த பஸ்களை மாநகர் போக்குவரத்துக் கழகம் சொந்தமாக வாங்கவில்லை. கம்பெனி பஸ்ஸும் டிரைவரும் கொடுக்கும், கழகம் கண்டக்டரைப் போட்டு டிக்கெட் காசை எடுத்துக்கொண்டு, ஓடின கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குக் கொடுக்கும். எழுபத்துச் சொச்சம், எண்பது ரூபாய் என்ற கணக்கில் வருகிறது. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்பெனிக்கு அதே காசு. இதில் நல்லதும் உண்டு, கலெக்‌ஷனுக்காக அடித்துப்பிடித்து ஓட்ட வேண்டிய அவசியம் டிரைவருக்கு இல்லை. கெட்டதும் அதுவேதான், ஓடி வருகிறவருக்காக நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. தொழிற்சங்கங்கள் இதைப் பின்வாசல் தனியார்மயம் என்று எதிர்த்தன. நான் ஓரளவு அவர்கள் பக்கம்தான். ஒரே வண்டியில் கண்டக்டர் அரசு ஊழியர், டிரைவர் கான்ட்ராக்ட் என்றால் இருவருக்கும் ஒரே மரியாதையும் ஒரே பாதுகாப்பும் இருக்குமா என்பதைப் பத்து வருஷம் கழித்துத்தான் பார்க்க முடியும். ஆனால் ஒரே அடியாக நூற்றுக்கணக்கில் பஸ் வாங்கக் கையில் காசு இல்லாத ஒரு கழகத்துக்கு வேறு என்ன வழி இருந்தது என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. கரண்ட் வண்டிகளுக்கான மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பெங்களூருக்கு மட்டும் 4,500 பஸ், ஹைதராபாத்துக்கு 2,000 என்று ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கேயும் கிலோமீட்டர் வாடகை முறைதான்.

அப்புறம் புகை. பஸ்ஸின் பின்னால் பைக்கில் போய்ப் பாருங்கள், முகத்தில் கரி அடிக்காது, அது நிஜம். ஆனால் நாங்கள் வடசென்னைக்காரர்கள், இந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம், 2024-ல் 800 மெகாவாட் புது யூனிட் வேறு திறந்தார்கள், பக்கத்திலேயே வல்லூர், எல்லாமே நிலக்கரி. காற்று அடிக்கிற ஆனி ஆடியில் காற்றாலைக் கரண்ட் நிறைய வரும், மற்ற மாசங்களில் ராத்திரி டெப்போவில் பஸ்ஸுக்கு ஏற்றுவதில் பாதிக்கு மேல் நிலக்கரிதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே தி.நகரில் குறைகிற புகையில் கொஞ்சம் எண்ணூரில் எழும்புகிறது. இதைச் சொன்னால் அப்படியென்றால் டீசலே ஓடட்டுமா என்று கோபப்படுகிறார்கள். இல்லை. டெல்லியில் 1998-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டு, 2001 மார்ச்சுக்குள் எல்லா பஸ்ஸும் சி.என்.ஜி. கேஸுக்கு மாறணும் என்று கெடு வைத்து, கேஸ் பங்கில் மைல் கணக்கில் வரிசை நின்று, திட்டி, கெடு தள்ளிப்போய், 2002 முடிகிற நேரத்தில்தான் டீசல் பஸ் ஒழிந்தது. அதற்குப் பிறகும் டெல்லிக்கு மூச்சு முட்டத்தான் செய்கிறது, ஆனால் அன்றைக்கு பஸ்ஸுக்குப் பின்னால் வந்த கறுப்புப் புகை திரும்பி வரவில்லை. பஸ்ஸை மட்டும் மாற்றிவிட்டு, கரண்ட் நிலக்கரியிலிருந்தே வரட்டும் என்று நிறுத்திவிட்டால்தான் எனக்கு ஆட்சேபம்.

ஏறப்போகிறவர்களுக்கு நடைமுறை விஷயம்: ஏசி வண்டியில் பெண்களுக்கு இலவசம் கிடையாது, கட்டணமும் வேறு, கதவருகே கேட்டுவிட்டு ஏறுங்கள். 1,000 ரூபாய் மாத பாஸ் ஏசி இல்லாத வண்டிக்குத்தான், ஏசியும் சேர்த்து வேண்டும் என்றால் 2,000 ரூபாய் பாஸ் தனியாக இருக்கிறது. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் 57-ல் போய்ப் பாருங்கள், கூட்டம் இருக்காது, வயசானவர்களை அழைத்துப் போக அதுதான் நேரம். முதல் கதவுக்குப் பின்னால் இடதுபக்கத் தாழ்ந்த சீட் கிடைத்தால் விடாதீர்கள்.

போன வியாழக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு மூலக்கடையில் நின்றோம். காலியாக ஒரு டீசல் 57 வந்தது, உட்கார இடம் இருந்தது, நான் ஏறலாம் என்றேன். "அது போகட்டும், பச்சை பிளேட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தைந்து நிமிஷம் நின்றோம்.