செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் வின்ச்: எஃகு வடமா, இழைக்கயிறா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் மழை பிடித்துக்கொண்டால், செம்பனைத் தோட்டத்து மண்சாலைகளில் நான்கு சக்கர இயக்க வண்டிகளும் அச்சு வரை புதைந்துவிடும். குலை ஏற்றப் போகும் என் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் வின்ச்சில், அதாவது சிக்கிய வண்டியை வடத்தைச் சுற்றி இழுத்தெடுக்கும் கருவியில், ஆறு ஆண்டுகள் எஃகு வடம் இருந்தது. சென்ற ஆண்டு அதைக் கழற்றிவிட்டுச் செயற்கை இழைக்கயிற்றைப் பொருத்தினேன்.

மாற்றுவதற்குக் காரணம் பயம். இழுவிசை ஏறும்போது எஃகு வடம் ஆற்றலைத் தனக்குள் தேக்கிக்கொள்கிறது. அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வீசும். ஒரு நாள் அறுந்த கம்பி நுனி ஒன்று தோல் கையுறையைத் துளைத்து என் தம்பியின் உள்ளங்கையில் ஏறியது. பிறகு பார்த்தபோது, ஒரு முழ நீளத்துக்குள் ஏழெட்டு நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அப்படி நைந்த வடத்தின் அருகே ஆளை நிறுத்தி வண்டியை இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

டைனிமா போன்ற இழைகளால் பின்னப்படும் கயிறு, அதே தடிமனுள்ள எஃகு வடத்துக்குப் பலத்தில் குறைந்ததில்லை. 28 மீட்டர் எஃகு வடம் 10 கிலோவுக்குக் குறையாது. இது 2 கிலோ அளவுதான். நீரில் மிதப்பதால் வாய்க்காலில் விழுந்தாலும் தேட வேண்டியதில்லை. அறுந்தாலும் எஃகைப் போலச் சீறி வராது. ஆனாலும் கொக்கி பறந்து வரக்கூடும் என்பதால், கயிற்றின் மேல் கனமான சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டே இழுக்கிறேன்.

கயிற்றைப் பொருத்திய பட்டறை ஒரு தவறு செய்தது. எஃகு வடம் உராய்ந்து பள்ளம் விழுந்திருந்த பழைய உருளை ஃபேர்லீட்டை (வின்ச்சுக்கு முன்னால் கயிற்றுக்கு வழிகாட்டும் பாகம்) அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்றாவது இழுப்பிலேயே கயிறு பஞ்சு பஞ்சாகப் பிரியத் தொடங்கியது. உருளைகள் இல்லாத, வழவழப்பான அலுமினிய ஹாஸ் ஃபேர்லீட்டை மாட்டிய பிறகே அது நின்றது. கயிறு வாங்குபவர்கள் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பராமரிப்பு இதற்கு அதிகம். செம்மண் துகள்கள் இழைகளுக்குள் புகுந்து உள்ளிருந்தே அறுக்கும். முதன்முறை பெரிய தொட்டியில் ஊறப்போட்டுப் பிசைந்தபோது, நான்கு தண்ணீர் மாற்றியும் சிவப்பு போகவில்லை. வெயிலும் இழையைக் கெடுக்கும் என்பதால் வின்ச்சுக்கு உறை போட்டு வைக்கிறேன்.

பாறையில் கயிறு உரசும் மலைப்பாதைக்காரர்களும், கழுவ நேரமில்லாதவர்களும் எஃகிலேயே இருக்கலாம். இந்த இழை 145 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். பல மின்சார வின்ச்சுகளில் பிரேக், கயிறு சுற்றப்படும் டிரம்முக்குள்ளேயே இருப்பதால், பாரத்தோடு வண்டியைச் சரிவில் நெடுநேரம் இறக்கினால் டிரம் சூடேறி, அதை ஒட்டிய முதல் அடுக்கு கருகும். அத்தகைய வேலை எங்கள் தோட்டத்தில் அரிது.

இக்கயிறு வழுக்கும் தன்மையுடையது. எஃகுக்கு ஐந்து சுற்று போதும். இதற்கு டிரம்மில் எட்டுச் சுற்றாவது எஞ்சியிருக்க வேண்டும். என் கயிற்றில் அந்த இடத்தைச் சிவப்புச் சாயத்தால் குறித்திருக்கிறேன். சாயம் வெளியே தெரிந்ததும் தம்பி கையை உயர்த்துவான், நான் நிறுத்திவிடுவேன்.