மடக்குவதா, காற்றடைப்பதா, உருட்டிக்கொண்டு போவதா? ஒற்றை ஆள் கயாக்குகள்: ஓர் ஒப்பீடு

ஒற்றை ஆள் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எடையை. கேட்க வேண்டியதுதான். ஆனால் 12 கிலோ படகுக்கும் 18 கிலோ படகுக்கும் உள்ள வேறுபாடு, நீரை நோக்கிப் போகும்போது தெரிவதைவிடத் திரும்பி வரும்போதுதான் நன்றாகத் தெரியும். போகும்போது படகு காய்ந்திருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது. திரும்பும்போது மடிப்புகளில் நீர் தேங்கியிருக்கும், மூலையெல்லாம் மணல், பொழுது சாய்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதை விரித்துக் காயவைக்க இடம் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் ஒரு படகு பரண் ஏறிவிடுவதற்குப் பெரும்பாலும் இந்தக் கடைசி வேலையே காரணம்.

கட்டுமரக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. ஊறிய மரம் கனக்கும், மிதப்பும் குறையும் என்பதால்தான் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலரவிடுவார்கள். தொழிற்சாலைப் படகுகளையும் அந்தக் கண்ணோடு பார்ப்பதே சரி. தூக்குவது, கட்டுவது, ஓட்டுவது ஆகியவற்றோடு காயவைப்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் தரவரிசை நிறையவே மாறிவிடுகிறது.

சட்டகமும் தோலும்

மடக்குப் படகுகளில் மூத்தது இது. மியூனிக்கில் மாணவராக இருந்த ஆல்ஃபிரட் ஹொய்ரிஷ் 1905-இல் செய்த படகின் உரிமையை, ரோசன்ஹைம் ஊரின் தையற்காரர் யோஹான் கிளெப்பர் வாங்கி, 1907 முதல் தயாரிக்கத் தொடங்கினார். மரச் சட்டகம், அதன்மேல் ரப்பர் பூசிய துணித் தோல். இந்த வகையின் கடல்தாங்கும் திறனில் சந்தேகமே வேண்டாம். 1956-இல் ஹானஸ் லிண்டமன் கானரித் தீவுகளிலிருந்து 72 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தது 5.2 மீட்டர் நீளமுள்ள கிளெப்பரின் ஏரியஸ் மாதிரியில்தான். 1932-இல் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து கிளம்பிய ஆஸ்கர் ஸ்பெக், இந்தியக் கரையோரமாகவும் இலங்கை வழியாகவும் 1939-இல் ஆஸ்திரேலியப் பகுதியை எட்டியதும் மடக்குக் கயாக்கில். மத்தியதரைக் கரையிலிருந்து யூஃப்ரடீஸ் ஆற்றுக்குப் படகைப் பேருந்தில் ஏற்றிப் போக அவரால் முடிந்தது. மடங்காத படகில் அந்தப் பயணம் நடந்திருக்காது.

கட்டும் வரிசை மாறக் கூடாது. தோலைச் சமதரையில் விரிக்கவும். சட்டகத்தின் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியே சேர்த்து, இரு முனைகளிலும் தோலுக்குள் செலுத்தவும். நடுவில் இரண்டும் கூடாரக் கூரை போல மேலெழுந்து நிற்கும். அதை அழுத்தினால் கீழிறங்கிப் பூட்டிக்கொள்ளும். பிறகு குறுக்குச் சட்டங்கள். பக்கவாட்டுக் காற்றுக் குழாய்களைக் கடைசியில்தான் ஊத வேண்டும். முதலிலேயே ஊதிவிட்டால் தோல் இறுகிச் சட்டகம் உள்ளே போகாது. கை பழகியவருக்கு 20 நிமிடம், புதியவருக்கு அதைப்போல இரண்டு மடங்கு.

குறை எடையில் இருக்கிறது. ஏரியஸின் இருவர் படகு 30 கிலோவுக்கு மேல். இரண்டு மூன்று பைகளாகப் பிரியுமே தவிர, ஓர் ஆள் முதுகில் ஏற்றி நடக்கும் சுமை அல்ல. அலுமினியக் குழாய்ச் சட்டகம் உள்ளவை இலேசு. ஆனால் உப்பு நீரில் அவற்றுக்கு வேறு நோய் உண்டு. பல நாள் பிரிக்காமல் விட்டால் இணைப்புகளில் உப்பும் ஆக்சைடும் படிந்து, குழாய்க்குள் குழாய் இறுகிவிடும். கடலில் ஓட்டியதும் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, இணைப்புகளில் மசகு மெல்லியதாகத் தடவி வைக்க வேண்டும். இறுகிவிட்டால் சுத்தியலால் தட்டாமல், வெளிக்குழாயில் வெந்நீர் ஊற்றித் திருகியபடி இழுக்கவும்.

காயவைப்பதில் இதற்குக் கடைசி இடம். தோல் பெரியது, முனைகள் ஆழமானவை. துணி மேல்தளத்தை ஈரத்தோடு சுருட்டினால் இரண்டே நாளில் பூஞ்சை. மொட்டை மாடி உள்ளவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைக்கலாம்.

மடிப்புப் பெட்டி

சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆன்டன் வில்லிஸ் வடிவமைத்து, 2012-இல் மக்கள் நிதி திரட்டி வெளிவந்தது 'ஓரு' (Oru) என்னும் கயாக். விளம்பரப் பலகைக்கும் பெட்டிகளுக்கும் பயன்படும் நெளிவுப் பாலிப்ராப்பிலீன் தகட்டின் கெட்டியான வடிவம், காகிதம் மடிப்பதுபோல் மடிந்து பெட்டியாகிறது. 'இன்லெட்' மாதிரி 9 கிலோதான். 20,000 முறை மடித்தாலும் தாங்கும் என்பது நிறுவனத்தின் கூற்று. பம்பு வேண்டாம், உதிரி அதிகம் இல்லை.

காயவைப்பதில் இதுதான் முதல். நெய்த துணி கிடையாது. உறிஞ்சும் பரப்பே இல்லை. கரையிலேயே ஒரு துண்டால் துடைத்து மடித்து, காரில் போட்டுவிடலாம்.

ஆனால் இதன் பலவீனங்களைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். உள்ளே காற்றறை கிடையாது. கவிழ்ந்து நீர் நிறைந்தால் தகடு மிதக்குமே ஒழிய, ஆளைத் தாங்காது. முன்னும் பின்னும் மிதவைப் பைகள் செருகுவதைக் கூடுதல் வசதியாக நினைக்கக் கூடாது. அவையில்லாமல் கரையைவிட்டு விலகக் கூடாது. மேலே தகட்டின் இரு விளிம்புகள் சேரும் இடம் நீர்புகாத மூட்டல்ல, அலை ஏறினால் ஒழுகும். பாறை குத்தினால் இன்னொரு தொல்லை: பாலிப்ராப்பிலீனில் பசை எதுவும் சரியாக ஒட்டாது. நீர்புகா நாடாவை இரு பக்கமும் ஒட்டிச் சமாளிக்கலாம், அவ்வளவுதான். ஏரி, உப்பங்கழி, மெதுவான ஆறு ஆகியவற்றுக்கு இதற்கு இணை இல்லை. அலைவாய்க்கும் பாறை ஆற்றுக்கும் இது பொருந்தாது.

காற்றடைக்கும் கயாக்: இரண்டு இனம்

கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். நீரில் இறக்கினால் இரண்டும் வெவ்வேறு படகுகள்.

சாதாரண வினைல் குழாய்ப் படகு ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) காற்றழுத்தத்தில் நிற்கும். நடுவில் ஆள் உட்கார்ந்ததும் தொய்ந்து, முனைகள் தூக்கிக்கொள்ளும். எதிர்காற்றில் துடுப்புப் போட்டால் நின்ற இடத்தில் நிற்கும். டிராப்-ஸ்டிட்ச் வகையில் மேல், கீழ்ப் படலங்களை ஆயிரக்கணக்கான நூலிழைகள் உள்ளே பிணைத்திருப்பதால், 6 முதல் 10 பிஎஸ்ஐ வரை ஏற்றலாம், படகின் தரை ஒரு பலகையைப்போல் விறைக்கும். பணம் போதாதென்றால் தரை மட்டுமாவது டிராப்-ஸ்டிட்சாக இருப்பதை வாங்கவும். வேறுபாட்டின் பெரும்பங்கு தரையில்தான் கிடைக்கிறது.

பம்பு இருவழி அடிப்பதாக இருக்கட்டும். முதல் 3 பிஎஸ்ஐ வரை மேலும் கீழும் இரண்டு வீச்சிலும் காற்று போகட்டும். அதன்பின் ஒருவழிக்கு மாற்றிக்கொள்ளவும், இல்லையென்றால் தோள் விட்டுப்போகும்.

நம் வெயிலில் கவனிக்க வேண்டியது அழுத்தம். 25 டிகிரியில் 8 பிஎஸ்ஐ ஏற்றிய தரையில், உள்காற்று 50 டிகிரியை எட்டினால் அது ஏறத்தாழ 10 ஆகும். 1 பிஎஸ்ஐ ஏற்றிய சாதாரணக் குழாயோ 2-ஐத் தாண்டும். படலம் சற்று விரிவதால் உண்மையில் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் விகிதத்தில் இந்த ஏற்றமே பெரிது, பலவீனமான மூட்டு பிளப்பதும் இதனால்தான். கரையில் சாப்பிட உட்கார்ந்தால் படகை நிழலுக்கு இழுக்கவும், அல்லது வால்வைத் திறந்து காற்றைக் குறைக்கவும். இதன் மறுபக்கமும் உண்டு. வெயிலில் ஊதிய படகு குளிர்ந்த நீரில் இறங்கியதும் தொய்யும். அது ஓட்டை அல்ல. பத்து நிமிடம் மிதக்கவிட்டு, மீண்டும் கொஞ்சம் ஏற்றினால் போதும்.

உண்மையிலேயே காற்று இறங்கினால் முதலில் வால்வைப் பாருங்கள். சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, வால்வுத் திருகியால் இறுக்கினால் பல 'ஓட்டைகள்' மறைந்துவிடும். பிவிசி கிழிந்திருந்தால் சைக்கிள் பஞ்சர் சொல்யூஷனைத் தடவ வேண்டாம். அது ரப்பருக்கானது, பிவிசியிலிருந்து உரிந்துவிடும். பிவிசிக்குரிய பாலியூரிதேன் பசையை வாங்கவும். படகில் முழுதாகக் காற்றை இறக்கி, இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 4, 5 செ.மீ. பெரிதாக ஒட்டுத்துண்டை மூலை உருட்டி வெட்டி, இரு பரப்பிலும் மெல்லிய இரண்டு பூச்சுப் பூசி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் வைத்து அழுத்தவும். 24 மணி நேரம் காற்றடிக்கக் கூடாது.

சீமைக்கருவேலம் மண்டிய ஏரிக்கரைகளில் இந்த வகைக்குப் பெரிய எதிரி முள்தான். நீருக்குள் ஒன்றும் ஆகாது. கரையில் ஊதும்போதும் இழுக்கும்போதும்தான் குத்தும். கனமான தார்ப்பாய் ஒன்றைப் படகின் பகுதியாகவே நினைத்துக் கொண்டுபோகவும்.

உலர்த்துவதில் உறை போட்ட படகுகள் மோசம்: உள்பைக்கும் வெளித்துணிக்கும் நடுவே போன நீர் வெளிவர நாளாகும். வெறும் பிவிசி துடைத்தால் போதும், ஆனால் தரைக்கும் பக்கக் குழாய்க்கும் நடுவிலுள்ள சந்தில் மணல் தங்கி, ஒவ்வொரு அசைவிலும் மூட்டை அராவும். தரை கழன்று வரும் மாதிரியைத் தேர்ந்தெடுப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

பேக்ராஃப்ட்

முதுகுப் பையில் அடங்கும் சிறு காற்றுப் படகு இது. முதுகுச் சுமையில் இதை வெல்ல எதுவும் இல்லை. 1840-களில் பிரிட்டிஷ் கடற்படையின் பீட்டர் ஹால்கெட் மேலங்கியாகவே அணியக்கூடிய காற்றுப் படகைச் செய்தார். ஆர்க்டிக்கில் ஆய்வுப் பயணி ஜான் ரே அதைப் பயன்படுத்தினார். இன்றைய வடிவத்துக்கு அலாஸ்காவின் ஷெரி டிங்கி தொடங்கிய அல்பாக்கா ராஃப்ட் வழி வகுத்தது. டிபியு என்னும் பிளாஸ்டிக் பூசிய நைலான், 2 முதல் 4 கிலோ. பம்புக்குப் பதில் ஒரு பெரிய இலேசான பை: காற்றைப் பிடித்து, வாயைச் சுருட்டி, பிழிந்து உள்ளே தள்ள வேண்டும்.

குட்டையும் அகலமுமான உடல் என்பதால் வேகம் இருக்காது, ஒவ்வொரு வீச்சுக்கும் மூக்கு இடமும் வலமும் ஆடும். காற்று வீசும் ஏரியில் திண்டாட்டம். நடந்து போய், ஆற்றில் இறங்கி, மீண்டும் நடப்பவருக்குத்தான் இது. காலியாகக் கரையில் விட்டால் பறந்துவிடும், கட்டி வைக்கவும்.

மடங்காத படகும் அதன் துணைக்கருவிகளும்

வீட்டிலிருந்து நீருக்கு நடக்கும் தூரம் அரைக் கிலோமீட்டர்தான், வைக்க இடமும் உண்டு என்றால் மடக்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 3.5 மீட்டர் பாலிஎதிலீன் கயாக் 20 கிலோவுக்கு மேல் இருக்கும், ஆனால் கட்டும் வேலை இல்லை, காயவைக்கும் வேலையும் இல்லை. கவிழ்த்து வைத்தால் முடிந்தது. ஒகேனக்கல் பரிசலோட்டிகள் தலையில் கவிழ்த்துச் சுமப்பதுபோல் இதைச் சுமக்க முடியாதவருக்குச் சக்கர வண்டி போதும்.

வண்டியில் இரண்டு வகை. உட்காரும் தளத்தின் வடிகால் துளைகளில் கம்பி செருகும் வகை விரைவானது, ஆனால் முழு எடையும் இரண்டு துளைகளில் இறங்குவதால் அங்கே விரிசல் விடும். பட்டையால் கட்டும் தொட்டில் வகையே நல்லது. படகின் சமநிலைப் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் கையில் சிறு பாரம் மட்டும் நிற்கும். பட்டையை இருக்கைக்கும் சேர்த்துக் கட்டாவிட்டால் முதல் மேட்டில் வண்டி பின்னால் நழுவிவிடும். மணலுக்குக் காற்றுக் குறைவாக அடைத்த தடித்த பலூன் சக்கரம். தார்ச் சாலைக்கும் முள் தரைக்கும் காற்றில்லாத திடச் சக்கரம். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஊசியில் ஒன்றிரண்டு மிச்சம் வைத்துக்கொள்ளவும், மணலில் விழுந்தால் கிடைக்காது.

காரின் மேல் கட்டும்போது, பல்சக்கரப் பிடியால் இறுக்கும் ராட்செட் பட்டை வேண்டாம். இறுக்கம் கை மீறிப்போய், வெயிலில் இளகிய பிளாஸ்டிக் அடிப்பாகம் குழிந்துவிடும். கையால் இழுத்து இறுக்கும் சாதாரணக் கேம் பட்டை போதும். அதை ஒருமுறை முறுக்கிவிட்டால் காற்றில் அதிர்ந்து ஓசையிடாது.

ரயிலும் விமானமும்

இந்திய ரயிலில் பயணிகள் பெட்டிக்குள் 100×60×25 செ.மீ. வரையுள்ள பெட்டியை அனுமதிக்கிறார்கள். ஏசி மூன்றடுக்கில் 55×45×22.5 மட்டுமே. காற்றுக் கயாக் பை உருளை வடிவில் சுருங்கும், மடிப்புப் பெட்டி சுருங்காது. அதன் நீண்ட பக்கம் ஒரு மீட்டரை ஒட்டி வருவதால் அளந்துவிட்டே டிக்கெட் போடவும். உள்நாட்டு விமானத்தில் ஒப்படைக்கும் பைக்கு வரம்பு பெரும்பாலும் 15 கிலோ: பேக்ராஃப்ட் எளிதாகப் போகும், டிராப்-ஸ்டிட்ச் கயாக்கும் பம்பும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். மின்பம்பின் தனி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

படகை அளந்து வாங்கிவிட்டுத் துடுப்பை மறப்பவர்கள் ஏராளம். இரண்டாகப் பிரியும் 220 செ.மீ. துடுப்பின் ஒவ்வொரு துண்டும் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். நான்காகப் பிரிவதை வாங்கினால் படகுப் பைக்குள்ளேயே அடங்கும்.