சோலார் போட்ட பிறகும் மின்வாரியம் வேண்டும்: சத்துவாச்சாரி வீட்டில் 14 மாத அனுபவம்

2025 பிப்ரவரியில் சத்துவாச்சாரி ஃபேஸ் டூவில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். ஆறு பேனல், இன்வெர்ட்டர், கம்பி, ஃபிரேம் எல்லாம் சேர்த்து 1,98,000 ரூபாய். பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு உண்டான 78,000 ரூபாய் மானியம் பிறகு வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. ஆக, கைக்காசு 1,20,000. போட்டுக் கொடுத்தது வேலூரில் ஒரு தனியார் நிறுவனம். பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்ல வருகிற குறை அவர்களோடு நிற்பதில்லை, விசாரித்த மூன்று பேரில் இரண்டு பேர் அதே பேச்சைத்தான் பேசினார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை சுத்தம். தளத்தில் ஓட்டை போடாமல் கான்கிரீட் கட்டை வைத்து ஃபிரேமை நிறுத்தினார்கள். ஏழடி உயரம் தூக்கிக் கட்டச் சொன்னேன், முகம் சுளிக்காமல் செய்தார்கள். அதனால் கீழே துணி காயப்போடவும் வடகம் பிழியவும் இடம் அப்படியே இருக்கிறது. மின்வாரியத்தில் விண்ணப்பம், இரண்டு பக்கமும் ஓடுகிற புது மீட்டர், எல்லாவற்றுக்கும் அவர்களே அலைந்தார்கள். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

உற்பத்தியும் குறையில்லை. சராசரியாக ஒரு நாளைக்கு 12 யூனிட். இதில் எனக்கு ஓர் ஆச்சரியம்: வேலூர் வெயிலுக்கு கத்திரியில்தான் கொட்டும் என்று நினைத்திருந்தேன். மார்ச்சில் ஒரு நாள் 14.6 காட்டியது, மே மாதம் 13ஐத் தாண்டவே சிரமப்பட்டது. பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. தகடு கொதித்தால் உற்பத்தி இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் 5, 6 யூனிட்டோடு நின்ற நாளும் உண்டு. இன்னொன்று, போர் தண்ணீரில் பேனலைக் கழுவாதீர்கள். எங்கள் பக்கத்து உப்பு, காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் விடியற்காலையில் இரண்டு வாளி எடுத்துப் போய்த் துடைக்கிறோம்.

சரி, குறைக்கு வருகிறேன்.

விற்க வந்த பையன் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: “இனிமே உங்களுக்கு இ.பி.யே தேவையில்லை மேடம். நீங்களே ஒரு கரன்ட் கம்பெனி.” பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்று பழசாக ஹாலில் இருந்தது. “அது எதுக்கு மேடம் இடத்தை அடைச்சிக்கிட்டு?” என்றான். எங்கள் வீட்டுக்காரரும் சரி என்று பேட்டரியை 4,200 ரூபாய்க்குப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டார். அந்த 4,200ஐ நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் அம்மாவுக்கு 81 வயது. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். முதுகில் புண் வராமல் இருக்க ஏர் பெட் வாங்கிப் போட்டிருக்கிறோம். கட்டில் காலில் மாட்டிய சின்ன மோட்டார் ‘ம்ம்ம்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வரிசைக் குழாயில் காற்று ஏறும், அடுத்த வரிசையில் இறங்கும். இந்த மோட்டார் இழுப்பது பத்து வாட்டு அளவுதான். ஒரு சின்ன எல்.இ.டி. பல்புக்கு உள்ள கரன்ட்.

மே மாதம் ஒரு மத்தியானம், ஒன்றேகால் மணி. பக்கத்துத் தெருவில் வைக்கோல் ஏற்றி வந்த லாரி கம்பியை இழுத்துவிட்டது. கரன்ட் போனது. நான் பதறவில்லை, மாடியில்தான் நம் கம்பெனி இருக்கிறதே என்ற நினைப்பு. ஆனால் ஃபேன் சுற்றவில்லை. ஏர் பெட்டின் ‘ம்ம்ம்’ சத்தமும் இல்லை. மாடிக்கு ஓடினேன். ஆறு பேனலும் கண் கூசுகிற வெயிலில் பளபள என்று இருக்கின்றன. படிக்கட்டு ஓரத்து இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. திரையில் ‘நோ கிரிட்’.

நிறுவனத்துக்குப் போன் போட்டேன். “ஆமா மேடம், இது ஆன் கிரிட். லைன்ல கரன்ட் இல்லைன்னா இதுவும் நின்னுடும்” என்றான் அதே பையன், ஏதோ எனக்கு முன்பே தெரிந்த சங்கதி போல. வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் பேட்டரியைக் கொடுத்திருக்கவே மாட்டோம். பெட்டில் காற்று மெல்ல மெல்ல இறங்கி, அம்மாவின் இடுப்பு பலகையைத் தொடுகிற மாதிரி ஆகிவிட்டது. அரை மணிக்கு ஒரு தரம் நானும் வீட்டுக்காரரும் தூக்கித் திருப்பிப் போட்டோம். நடுவில் பனையோலை விசிறி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, அதுதான் 94987 94987, போன் செய்து இணைப்பு எண்ணைச் சொன்னேன். பதிந்துகொண்டார்கள். அதற்குள் லைன்மேன்கள் இரண்டு பேர் தெருவில் ஏறி வேலையை ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் இருபது நிமிடத்தில் கரன்ட் வந்தது. கொதிக்கிற வெயிலில் கம்பத்திலிருந்து இறங்கியவர்களுக்கு மோர் கொடுத்து, இந்தப் பேனல் ஏன் நின்றது என்று கேட்டேன். பெரியவர் மாடியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “உங்க பேனல் நிக்காம லைனுக்குக் கரன்ட் அனுப்பியிருந்தா, இந்நேரம் நான் மோர் குடிச்சிக்கிட்டு இருக்க மாட்டேன்மா.”

அப்போதுதான் உறைத்தது. செத்த லைன் என்று நம்பி ஒருவர் கம்பியைத் தொடுகிறார். எங்கள் மாடியிலிருந்து அதில் கரன்ட் இறங்கினால் அவர் உயிர் போகும். அதனால்தான் லைன் செத்த நொடியே நிற்கும்படி இன்வெர்ட்டரைச் செய்கிறார்கள். அது கோளாறு இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். என் கோபம் அந்தப் பெட்டி மேல் இல்லை. சொல்லாமல் விற்ற வாய் மேல்தான்.

அதற்கப்புறம் இந்த விஷயத்தை விடாமல் விசாரித்தேன். கரன்ட் விற்பவர் வேறு, கரன்ட் தர கடமைப்பட்டவர் வேறு. இத்தனை நாள் இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்தேன். வாரியம் 1957இல் வந்தது, 2010இல் பிரிந்தது, 2024இல் பகிர்மானத்துக்கென்று தனிக் கழகம் ஆனது. பெயர் எது ஆனாலும் எங்களுக்கு இ.பி.தான். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, விண்ணப்பித்தவருக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும் என்று பகிர்மானம் செய்பவர் மேல் கடமையை வைக்கிறது. இவர் வீடு லாபம், அவர் வீடு நஷ்டம் என்று பார்த்துப் பொறுக்கிக்கொள்ள முடியாது. விலையையும் அவர்களாகவே வைக்க முடியாது, ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட வேண்டும். குறை என்றால் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் என்று வழி இருக்கிறது. சோலார் நிறுவனம் ஒரு கடை. பேரம் பேசலாம், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம், அது நல்லதுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்ற பொறுப்பு அந்தக் கடைக்கு இல்லை.

டல்லாஸில் இருக்கும் என் தம்பியிடம் புலம்பினேன். “அக்கா, இங்க இது இன்னும் பச்சையாத் தெரியும்” என்றான். டெக்சாஸில் பெரும்பாலான இடங்களில் 2002 முதல் மக்கள் கரன்ட் விற்கிற கம்பெனியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். விலைப் பட்டியலைப் பார்த்து ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஒப்பந்தம். நடுவில் விலகினால் அபராதம். கம்பம், கம்பி, மீட்டர் மட்டும் அவன் ஊரில் ஆன்கோர் என்ற ஒரே நிறுவனத்துடையது, அதன் கட்டணத்தை மாநில ஆணையம் ஒழுங்கு செய்கிறது. யாரிடம் வாங்கினாலும் கரன்ட் போனால் கூப்பிடுவது ஆன்கோரைத்தான். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மொத்த விற்பனை விலை ஒரு யூனிட்டுக்கு 9 டாலர் வரை ஏற்றப்பட்டது. அந்த விலையை அப்படியே வாடிக்கையாளர் தலையில் இறக்கிய கிரிடி என்ற கம்பெனியிடம் வாங்கியவர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலருக்கு பில் வந்தது. அடுத்த மாதமே அது திவால். அதன் வாடிக்கையாளர்களை வேறு கம்பெனிகளுக்கு மாற்றினார்கள். விற்றவன் போய்விட்டான், கம்பி அங்கேயே இருந்தது.

நம் பக்கத்திலும் போட்டி இல்லாமல் இல்லை, வீட்டு இணைப்புக்குத்தான் இல்லை. அக்கா மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். அவர்களுக்கு உயர் அழுத்த இணைப்பு. கன்னியாகுமரி பக்கத்துக் காற்றாலை ஒன்றிடம் கரன்ட் வாங்குகிறார்கள். அங்கிருந்து ஆம்பூர் வரை அது வருவது அரசுக் கம்பியில்தான், அதற்குக் கட்டணம் உண்டு. வாரியத்தின் பில்லில் காற்றாலை யூனிட்டைக் கழித்து மீதிக்குப் பணம். ஆடிக் காற்றில் பில் இறங்கும். மார்கழியில் காற்று அடங்கினால் வாரியத்தின் கரன்ட்டில் மிஷின் ஓடும். மத்திய அரசின் 2022 விதிப்படி 100 கிலோவாட் இணைப்பு உள்ளவர்கள்கூட பசுமை மின்சாரத்தை இப்படி வெளியில் வாங்கலாம். சின்னத் தொழில் வைத்திருப்பவர்கள் விசாரிக்க வேண்டிய விஷயம் இது.

எங்கள் மாடியும் அதே கணக்குதான். பகலில் மிஞ்சுவதை லைனுக்குக் கொடுக்கிறோம், ராத்திரி திருப்பி வாங்குகிறோம். ராத்திரி பத்து மணிக்கு அம்மா அறை ஏசி ஓடுவது எங்கள் பேனலில் இல்லை. வாரியத்தின் கம்பிதான் எங்களுக்குப் பேட்டரி.

இனி காசு. “நாலு வருஷத்தில் போட்ட பணம் வந்துடும்” என்றார்கள். எங்கள் பழைய இ.பி. அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தேன். முன்பு கோடையில் இரண்டு மாதத்துக்கு 640 யூனிட், 3,300 ரூபாய் போல. மற்ற நாளில் 480 யூனிட், 1,700க்குள். ஆக வருஷத்துக்கு 13,400 ரூபாய் போல. முழுவதும் மிச்சம் என்று வைத்தாலும் 1,20,000 வர ஒன்பது வருஷம் ஆகும். காரணம், முதல் 100 யூனிட் இலவசம், 500க்குள் இருந்தால் சலுகை விலை. இங்கே வாரியத்துக் கரன்ட் ஏற்கெனவே மலிவு. குறைவாகச் செலவழிக்கிற வீட்டுக்கு சோலார் அவசரமே இல்லை.

எங்கள் வீட்டில் கணக்கு மாறியது அம்மாவால். பகல் முழுக்க ஏசி ஓடுவதால் இந்தக் கோடையில் இரண்டு மாதத்துக்கு 950 யூனிட்டைத் தொட்டது. பேனல் இல்லாவிட்டால் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். பேனல் 720 கொடுத்ததால் மீதி 230 யூனிட்டுக்கு 376 ரூபாய் கட்டினேன். பில்லைப் பார்க்காமல் அம்மாவுக்கு ஏசி போட முடிகிறது. அதற்காகவே இதைப் போட்டதில் எனக்கு வருத்தம் இல்லை.

பேனலுக்கும் வேலைக்கும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். விற்கும்போது சொன்ன பேச்சுக்கு ஒன்று. போடப்போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தெருவில் கரன்ட் போனால் என் வீட்டில் எது எரியும்?” பதிலை எழுதி வாங்குங்கள். பேட்டரியோடும் ஓடுகிற ஹைபிரிட் இன்வெர்ட்டர், கூடவே பேட்டரி என்றால் எரியும், ஆனால் விலை வேறு. ஆன் கிரிட் என்றால் எதுவும் எரியாது. வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்தால், ஆக்சிஜன் மிஷினோ ஏர் பெட்டோ இருந்தால், பழைய இன்வெர்ட்டரைத் தயவுசெய்து விற்காதீர்கள்.

நாங்கள் ஜூன் மாதமே 23,500 ரூபாய்க்குப் புது இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கிவிட்டோம். அம்மா அறை ஃபேன், ஒரு விளக்கு, ஏர் பெட், இந்த மூன்றுக்கு மட்டும் தனி லைன் இழுத்திருக்கிறது. போன வாரம் பராமரிப்புக்காக அறிவித்துவிட்டு காலை ஒன்பது முதல் இரண்டு வரை நிறுத்தினார்கள். மாடியில் பேனல் சும்மா நின்றது. கீழே மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, அம்மா தூங்கிவிட்டார். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் பார்க்கிற நாளை அமாவாசை என்று வைத்திருக்கிறோம், மறக்காமல் இருக்க.