தண்ணீர் பாட்டிலோடு காரைக்குடிக்கு

போன தடவை ஏமாந்ததால், இந்தத் தடவை கைப்பையில் ஒரு பாட்டில் தண்ணீரும் ஃப்ரிஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தையும் எடுத்துக்கொண்டு திருச்சியில் பஸ் ஏறினேன். போன இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு.

முதலில் ஏமாந்த கதை. திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜா, 1,400 ரூபாய். வீட்டுக்கு வந்து காப்பி ஊற்றி வைத்தால் மேஜையில் வட்டமாகக் கறை. அடியில் இருந்த பழைய விரிசலை ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே பாலிஷ் போட்டுத் தலையில் கட்டிவிட்டார்கள். இப்போது அதில் காகிதப் பூ இருக்கிறது. கடை பெயர் சொல்லப்போவதில்லை. ஊற்றிப் பார்க்காமல் வாங்கியது என் தப்பும்தான்.

இந்த முறை அண்ணன் மகளுக்காகப் போனேன். தனிக்குடித்தனம் வைக்கிறாள். “அத்தை, ஷோகேஸ்ல வைக்கிற மாதிரி எதுவும் வேணாம், அடுப்புல வைக்கிற மாதிரி வாங்கு” என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

கடைக்குள் நேராக நடக்க முடியாது, பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். பீங்கான் ஜாடி, ரவிவர்மா அச்சுப்படம், ஓடாத சுவர்க்கடிகாரம், தேக்குத் தூண், பாக்குவெட்டி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. நகரத்தார் வீடுகளில் பெண்ணுக்குச் சீர் வைத்த சாமான்களும் பர்மா, மலேயா கொண்டுவிற்கப் போனவர்கள் வாங்கி வந்தவையும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து கிடந்தன. வீடு பங்காளிகளுக்குள் பிரியும்போது இந்தத் தெருவுக்கு வந்துவிடுகின்றன.

எனக்குப் பிடித்தது எனாமல் சாமான்கள். அடியைத் திருப்பிப் பார்த்தால் ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருக்கும். நாலு அடுக்குத் தூக்கு ஒன்று, பால் வெள்ளையில் நீல விளிம்பு, 2,600 ரூபாய்க்குப் படிந்தது. வெளியே கைப்பிடிப் பக்கம் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது, பரவாயில்லை. உள்ளே பெயர்ந்திருந்தால் துருப்பிடிக்கும். அப்படி இருந்த இரண்டை வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அடுத்த கடையில் மர அஞ்சறைப்பெட்டி ஒன்றை எடுத்து “நூறு வருஷத்துப் பொருள்” என்றார்கள். மூடியின் கீலில் கூட்டல் குறி வெட்டிய நட்சத்திரத் தலைத் திருகாணி. அந்தத் திருகாணியே 1930களில்தான் வந்தது. கீலைப் பின்னால் மாற்றியிருக்கலாம்தான், ஆனால் மரமும் புது வார்னிஷ் வாடை அடித்தது. குத்துவிளக்கு ஒன்றில் காந்தம் ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம்.

உருளி வாங்கிய கடைதான் இந்தப் பயணத்தில் உருப்படி. கரண்டிக் காம்பால் விளிம்பைத் தட்டினேன். நல்ல வெண்கலம் கோயில் மணி மாதிரி இழுத்துப் பேசும், விரிசல் இருந்தால் ஓட்டைப் பானைச் சத்தம்தான் வரும். இது நான் கையை எடுத்த பிறகும் முனகிக்கொண்டிருந்தது. பாட்டிலைத் திறந்து தண்ணீரை ஊற்றினேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

“அக்கா விவரமாத்தான் வந்திருக்கீங்க.”

“பட்டவ தம்பி.”

கால் மணி நேரம் தண்ணீரோடு வைத்துவிட்டு அடியைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. மூன்றே கால் கிலோ, 5,500 சொன்னார், 4,800க்குக் கொடுத்தார். பித்தளை என்றால் ஈயம் பூச ஆள் தேட வேண்டும், வெண்கலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கூடவே அரசு முத்திரை குத்திய ஓர் உழக்கு, 450 ரூபாய். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நாலு உழக்கு ஒரு படி என்று தம்பிக்கு ஒப்பித்துக் காட்டினேன், விலை குறையவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். எதிலும் விலைச்சீட்டு கிடையாது, ஆளைப் பார்த்துத்தான் விலை. கார் வைத்து வந்த சென்னைக் குடும்பத்துக்கு நான் கேட்ட அதே மாதிரித் தூக்குக்கு ஆயிரம் கூட்டிச் சொன்னதைக் காதால் கேட்டேன். மதியம் போனால் பாதிக் கடை சாத்தியிருக்கிறது. காலையிலேயே போய்விடுவது நல்லது. வெளிநாட்டுச் சொந்தத்துக்குப் பரிசு வாங்குகிறவர்கள் கவனம்: நூறு வருஷம் தாண்டிய பொருளைத் தனியாள் வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது. பழைய சாமி சிலை என்று யாராவது காட்டினால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

உருளியின் விளிம்பில் புள்ளி புள்ளியாக உளி வைத்துப் பேர் வெட்டியிருக்கிறது. மூன்று முன்னெழுத்து, அப்புறம் ஓர் ஆச்சியின் பெயர், பாதி தேய்ந்தது. “வேணும்னா தேச்சுக் குடுத்திடுறேன்க்கா” என்றார் தம்பி. வேண்டாம் என்றேன்.

அண்ணன் மகள் வீட்டில் பிரித்ததும் முதலில் அந்தப் பேரைத்தான் விரலால் தடவினாள். “யாரு அத்தை இது?” தெரியாது என்றேன். “எம் பேரையும் பக்கத்துல வெட்டலாமா?” என்று கேட்டாள். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவரை திருச்சி பெரிய கடை வீதியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.