காண்டெஸாவின் அடியில் இரண்டு சட்டங்கள்: சில ஆண்டு ஓட்டிய பிறகு

என் பழைய இந்துஸ்தான் மோட்டார்ஸ் காண்டெஸா காரின் அடியில், முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்க இரண்டு இரும்புச் சட்டங்கள் பற்றவைத்திருக்கிறேன். அவற்றில் இடப்பக்கச் சட்டத்தின் முன்முனையில் வெல்டிங் விரிசல் விட்டிருந்தது. அதைச் சரிசெய்துகொண்டு வண்டி போன வாரம்தான் பட்டறையிலிருந்து வீடு வந்து சேர்ந்தது. அதே வாரத்தில் தேவகோட்டை நண்பர் ஒருவர், தன் காண்டெஸாவுக்கும் சப்ஃபிரேம் கனெக்டர் எனப்படும் இந்தச் சட்டங்களை வைத்துவிடலாமா என்று கேட்டார். தொலைபேசியில் ஆம், இல்லை என்று சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அவருக்கும், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1.8 லிட்டர் இசுசு எஞ்சின், ஐந்து கியர், அப்பச்சி ஆசையாக வாங்கியது, பள்ளத்தூர் வீட்டில் நிற்கிறது. இதன் பாடிக்கு லாரிபோலத் தனிச் சேசிஸ் கிடையாது. 1972-இல் இங்கிலாந்தில் வந்த வாக்ஸால் விக்டர் எஃப்.ஈ. காரின் வழிவந்த தகட்டுக் கூடுதான் 1984 முதல் 2002 வரை மேற்கு வங்கத்து உத்தரபாராவில் காண்டெஸாவாகத் தயாரானது. எஞ்சினையும் முன்சக்கரங்களையும் தாங்கும் நீளச்சட்டங்கள் முன்சீட்டுக்கு அடியில் வந்து நின்றுவிடுகின்றன. பின் ஆக்ஸிலைத் தாங்குபவை பின்சீட்டுக்கு அடியில்தான் தொடங்குகின்றன. நடுவில் இருப்பது தரைத்தகடு, கியர்பாக்ஸ் மேடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, அவ்வளவுதான். புது வண்டிக்கு அது போதும். வயதாக ஆக, தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைத்திருக்கும் ஸ்பாட் வெல்டிங் தளர்கிறது, ரன்னிங் போர்டை உள்ளிருந்து துரு தின்கிறது, வண்டி நடுவில் முறுக ஆரம்பிக்கிறது.

முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் ஒரு குழாயால் இணைத்துவிடுவதுதான் இந்த வேலை. அமெரிக்காவில் 1960-களின் மஸ்டாங், கமாரோ கார்களை வைத்திருப்பவர்கள் இதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். அந்த வண்டிகளுக்கு அளவான சட்டங்கள் கடையிலேயே கிடைக்கும். காண்டெஸாவுக்கு அப்படி எதுவும் கிடையாது. அளவெடுத்து நம் பட்டறையில்தான் செய்ய வேண்டும். என் வண்டியில் இருப்பது 50-க்கு 25 மி.மீ. செவ்வகக் குழாய், 2 மி.மீ. கனம். மீட்டருக்கு இரண்டேகால் கிலோகூட வராது. இரு பக்கமும் முனைத் தகடுகளும் சேர்த்துப் பத்துக் கிலோவுக்குள் அடங்கிவிட்டது.

இந்தப் பத்துக் கிலோ என்ன செய்தது என்பதைச் சொல்ல எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வர வேண்டும். நம் செட்டிநாட்டு வீடுகள் தெருவைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கும் என்பது தெரிந்ததுதானே. வண்டியைக் கொட்டகைக்குள் ஏற்ற ஒரு சாய்தளம் கட்டியிருக்கிறோம். எதிரே மின்கம்பம் இருப்பதால் அதில் நேராக ஏற இடமில்லை, கோணலாகத்தான் ஏற வேண்டும். வலது முன்சக்கரம் மட்டும் முதலில் மேலே போகும். மற்ற மூன்றும் தெருவில் இருக்கும். பாடிக்கு இதைவிடக் கடுமையான முறுக்கம் வேறெங்கும் கிடையாது. முன்பெல்லாம் அந்த இடத்தில் டாஷ்போர்டு முனகும், பின்கதவின் இடைவெளி கண்ணெதிரே குறுகும். அங்கே நிறுத்திப் பின்கதவைத் திறந்தால் மறுபடி சாத்த முடியாது. ஆத்தா பின்சீட்டிலிருந்து, "மட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தப்பா, பிறகு இறங்குகிறேன்" என்று சொல்வதே வழக்கமாகிவிட்டது.

சட்டம் வைத்த பிறகு அதே சாய்தளத்தில், அதே கோணத்தில், ஒற்றைச் சக்கரம் மேலே இருக்கும்போதே பின்கதவைத் திறந்து இரண்டு விரலால் சாத்துகிறேன். பூட்டு 'டக்' என்று விழுகிறது. இன்றுவரை அது எனக்கு அலுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முன்கண்ணாடியின் இடது மூலையிலிருந்து எப்போதும் தண்ணீர் சொட்டும். ரப்பரை மாற்றிப் பார்த்தோம், பசை வைத்துப் பார்த்தோம், நிற்கவில்லை. கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டமே ஒவ்வொரு பள்ளத்திலும் அசைந்துகொண்டிருந்தால் எந்த ரப்பர்தான் தாங்கும்? அசைவு குறைந்ததும் கசிவு தானாக நின்றது. இதற்காக யாரிடமும் தனியாகக் கூலி கொடுக்கவில்லை.

ஓட்டுவதிலும் வேறுபாடு இருக்கிறது. திருமயத்திலிருந்து காரைக்குடி வரும் சாலையில், வளைவுக்குள் நுழைந்ததும் முன்பக்கம் திரும்பி, ஒரு கணம் கழித்துப் பின்பக்கம் வந்து சேர்கிற உணர்வு முன்பு இருந்தது. இப்போது முழு வண்டியும் ஒன்றாகத் திரும்புகிறது. ஷாக் அப்சர்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைத் தாங்கும் பாடியே வளைந்து நிமிர்ந்தால் அந்த ஆட்டத்தை அடக்க அதனால் முடியாது. புது ஷாக் போட்டும் திருப்தியில்லை என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மைலேஜ் கூடாது, வேகம் கூடாது, தொய்ந்த ஸ்பிரிங் நிமிராது. துருப்பிடித்து ஓட்டையான தரைத்தகடு உள்ள வண்டிக்கு இது எந்த விதத்திலும் உதவாது. பிடித்துக்கொள்ள நல்ல தகடு இருந்தால்தான் வெல்டிங் நிற்கும்.

இனி வேகத்தடைக்கு வருகிறேன். சட்டங்கள் தரைத்தகட்டுக்குக் கீழே 25 மி.மீ. தொங்குகின்றன. குழாயை நிமிர்த்தி வைத்தால் வளையாமல் இன்னும் உறுதியாக நிற்கும், ஆனால் 50 மி.மீ. போய்விடும் என்பதால்தான் படுக்கவைத்துப் பற்றவைத்தோம். அப்படியும் போன அந்த 25 மி.மீ. என்னை ஒவ்வொரு நாளும் வதைக்கிறது. சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி வளைவான வேகத்தடை என்றால் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம் இருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான அளவு அது. காண்டெஸாவின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 2,667 மி.மீ. அந்த வளைவின் மேல் நான்கு சக்கரமும் நிற்கும்போது, வண்டியின் நடுவுக்கும் சக்கர மட்டத்துக்கும் இடையே மேடு எழுவது ஐந்தே கால் செ.மீ.தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டத்துக்கு அடியில் அதைவிட அதிக இடைவெளி இருப்பதால், முறையான வேகத்தடை எதுவும் என் சட்டத்தைத் தொடவே முடியாது.

ஆனால் நம் ஊர்த் தெருக்களில் இருப்பது என்ன? ஒரு முழ அகலத்தில் சிமெண்டைக் கொட்டி, ஏறக்குறைய ஒரு சாண் உயரத்துக்கு எழுப்பிய திண்டுகள். முன்சக்கரம் தாண்டி, பின்சக்கரம் ஏறும் முன்பே திண்டு முழுவதும் வண்டியின் வயிற்றுக்கு அடியில் வந்துவிடுகிறது. அங்கே வளைவுக் கணக்கெல்லாம் கிடையாது, திண்டின் உயரம் அப்படியே அடியில் மோதுகிறது. வெள்ளைக்கோடு இல்லை, முன்னறிவிப்புப் பலகை இல்லை. இரவில் இருசக்கர வாகனத்தில் வருபவர் தூக்கி எறியப்படுவார் என்ற எண்ணம்கூட இல்லாமல் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை கட்டாயம் வேண்டும், அதை நான் மறுக்கவே இல்லை. அதை அளவோடு போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பின்சீட்டில் ஆட்களோடு போகும்போது ஒவ்வொரு திண்டிலும் இறங்கச் சொல்லவா முடியும்? கோணலாக ஏற்றி, ஊர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கிறேன். அப்படியும் 'கர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும்போது பல் கூசுகிறது.

சத்தத்தோடு போனால்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒவ்வொரு உரசலிலும் பெயிண்ட் உரிகிறது. உரிந்த இடத்தில் செம்மண் சேறு அப்பிக்கொண்டு ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. மாதம் ஒரு முறையாவது தொண்டிப் பக்கம் போகிறவன் நான். கடற்கரையில் ஓடிய வண்டியில் அந்த வெறும் இரும்பு எத்தனை வேகமாகப் பழுக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காரைக்குடியில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அரிப்பைத் தடுப்பது அங்கே முக்கியமான ஆராய்ச்சித் துறை. அதற்கு நிலமும் பணமும் அள்ளிக்கொடுத்த வள்ளல் அழகப்பரின் ஊர்க்காரர்கள் நாம். இரும்பைத் துரு தின்ன விடக்கூடாது என்பதை நமக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. துத்தநாகம் கலந்த பிரைமர், அதன்மேல் பெயிண்ட், குழாய்க்கு உள்ளே மெழுகுப் பூச்சு, முனையில் தண்ணீர் வடிய ஓட்டை என்று எல்லாம் செய்திருக்கிறேன். உள்ளே இன்றும் சுத்தமாக இருக்கிறது. வெளியே மழைக்காலம் முடிந்ததும் படுத்துச் சுரண்டிப் பூசும் வேலை ஒவ்வோர் ஆண்டும் தலையில் விழுகிறது.

போன மாதம் விட்ட விரிசலுக்கு மட்டும் வேகத்தடையைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் வேலை செய்த வெளியூர்ப் பட்டறையில் குழாயின் முனையைச் சதுரமாக வெட்டி அப்படியே பற்றவைத்துவிட்டார்கள். விறைப்பான சட்டம் திடீரென்று முடிகிற இடத்தில்தான் மெல்லிய தகட்டின் மேல் மொத்தச் சுமையும் விழும். முனையை மீன்வாய்போலச் சரித்து வெட்டி, அகலமான தகடு வைத்து, சுமையைப் பரப்ப வேண்டும் என்று எழுதிக்கொடுத்தும் செய்யவில்லை. இப்போது காரைக்குடியில் ஒரு டிங்கர் அண்ணன் பிரித்துப் புதிதாகச் செய்துகொடுத்தார். கார்பெட்டைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்து, பெட்ரோல் குழாயையும் பிரேக் குழாயையும் ஒதுக்கிக் கட்டிய பிறகுதான் டார்ச்சைக் கையில் எடுத்தார். குச்சி வைத்துச் செய்யும் சாதாரண ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டைப் பொத்தலாக்கிவிடும் என்று, கரியமில வாயுவைப் பாய்ச்சி மெல்லிய கம்பியால் செய்யும் சி.ஓ.2 வெல்டிங்கில், இடைவெளி விட்டு விட்டுத் துண்டு துண்டாகப் பற்றவைத்தார். எல்லாவற்றையும்விட முக்கியம், வண்டியைச் சக்கரங்களின் மேல் நிற்கவைத்தே வேலையை முடித்தார். நடுவில் லிஃப்ட் போட்டுத் தூக்கினால் இரு முனையும் தொங்கும். அந்த நிலையில் பற்றவைத்தால் தொங்கல் அப்படியே நிலைத்துவிடும், கதவு ஆயுளுக்கும் சரியாகச் சாத்தாது. கேட்டால், "சக்கரத்தில் நிற்கிற வண்டிக்குத்தானே ஐயா இதைச் செய்கிறோம்" என்றார். அவர் கேட்ட கூலி குறைவு என்றே நினைக்கிறேன்.

அரசு விதிகளின்படி பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுப் புத்தக விவரம் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 15 ஆண்டு தாண்டிய வண்டிகளை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கக் காட்ட வேண்டும் என்பதால், பற்றவைக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு தேவகோட்டை நண்பருக்கு என் பதில்: வேண்டாம். உங்கள் வண்டி நேராகவே இருக்கிறது, கதவு சாத்துகிறது, கண்ணாடி ஒழுகவில்லை. உங்கள் வீட்டுக்குப் போகும் தெருவில் மட்டும் எத்தனை திண்டுகள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் சக்கர அமைப்பின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை மாற்றி, ரன்னிங் போர்டுக்குள் மெழுகு அடியுங்கள். என் வண்டியிலிருந்து இவற்றைக் கழற்றிவிடேன் என்று அடுத்து கேட்பீர்கள். கழற்ற மாட்டேன். அடுத்த மழைக்கு முன்னால் வலப்பக்கத்தின் முனையையும் இதே டிங்கர் அண்ணனிடம் கொடுத்துச் சரித்து வெட்டச் சொல்லியிருக்கிறேன்.