யாழ்ப்பாணத்தில் எக்ஸ்ரென்சன் கோட் வாங்கப் போகிறவர்கள் கவனம்

கரண்டை நீட்டி எடுக்கிற எக்ஸ்ரென்சன் கோட் ஒன்றைப் போலியாக வாங்கி ஏமாந்தேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். பெட்டியில் அச்சிட்டிருந்த கொம்பனியின் பெயரையும் எழுதவில்லை. அந்தச் சாமானை அவர்கள் செய்யவே இல்லை என்பதுதான் விஷயம். என்ன நடந்தது, எதைப் பார்த்திருந்தால் தப்பியிருப்பேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் பெயருக்குக் காசு கொடுக்கிற ஆள் இல்லை. பருப்பும் சீனியும் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் நிறுத்துத்தான் வாங்குவேன். தூளுக்கு எங்கள் ஊரில் யார் பெயர் பார்க்கிறார்கள்? செத்தலும் மல்லியும் வாங்கிக் காயவைத்து, வறுத்து, சந்தியில் இருக்கிற மில்லில் கொடுத்தால் வருவதுதான் தூள். காய்ச்சல் குளிசையும் அப்படித்தான். எல்லாரும் பனடோல் என்று கேட்பார்கள், நான் பரசிற்றமோல் என்று கேட்பேன். இரண்டிலும் இருப்பது அதே 500 மில்லிகிராம். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே இதைத்தான் இந்த நாட்டுக்குப் படிப்பிக்கப் பார்த்தார். அவர் முன்னின்று உருவாக்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் 1971இலேயே வந்துவிட்டது. நாங்கள்தான் இன்னும் பனடோல் என்கிறோம்.

அம்மா நேரெதிர். அவவுக்குச் சவர்க்காரம் என்றால் சன்லைட்தான். வேறு எதையாவது வாங்கி வந்தால் முகம் மாறும். "பொருளாதாரத் தடைக் காலத்திலை சவுக்காரம் இல்லாமல் பனங்களியிலை உடுப்புத் தோய்ச்சனாங்கள் தம்பி. இப்பவாவது எனக்குப் பிடிச்சதை வாங்க விடு" என்பா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. (அதே அம்மா பற்பசைக்கு "ஒரு சிக்னல் வாங்கி வா" என்பா. எந்தப் பற்பசையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அது அவவுக்குச் சிக்னல்தான்.)

பெயரில் ஒன்றுமே இல்லை என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். 2025இல் ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை திரும்பத் திறந்தபோது பக்கற்றில் "ரஜ லுணு" (ராஜ உப்பு) என்று சிங்களப் பெயர் இருந்ததற்கு இங்கே எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று தெரியும்தானே. உப்பு எந்தப் பெயரில் வந்தாலும் கரிக்கத்தான் செய்யும். ஆனாலும் அன்றைக்கு எனக்கும் கோபம் வந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். எங்கள் கொக்குவில் வீட்டுக் குசினியில் சதுரப் பின் போடக்கூடிய 13 ஆம்பியர் பிளக் பொயின்ற் ஒன்றுதான் இருக்கிறது. அதில் ரைஸ் குக்கரும் கேத்திலும் மாறி மாறிப் போட்டுக் கொண்டிருந்தா அம்மா. ஒரு எக்ஸ்ரென்சன் கோட் வாங்குவம் என்று முடிவெடுத்தேன். கரண்ட் விஷயம் என்பதால் வழக்கத்துக்கு மாறாக, நல்ல பெயருள்ளதாகத்தான் வாங்குவது என்றும் முடிவெடுத்தேன். இந்த ஒரு சாமானுக்குத்தான் பெயர் பார்த்தேன். இந்த ஒரு சாமானில்தான் ஏமாந்தேன்.

ரவுணில் முதல் ஏறிய கடையில் அந்தப் பெயருள்ள 5 மீற்றர் கோட் 4,600 ரூபாய் சொன்னார்கள். நாலு கடை தள்ளி அதே பெயர், அதே எழுத்து, 2,900. எப்படி என்று கேட்டேன்.

"அண்ணை, நாங்கள் மொத்தமா இறக்கிறனாங்கள். உது ஒரிஜினல்தான். பில் வேணுமெண்டால் வற் சேரும், பாத்துக்கொள்ளுங்கோ."

வற் வரி 18 வீதம். கணக்குப் போட்டேன், 522 ரூபாய். பில் வேண்டாம் என்றேன். ஒரு வெள்ளைத் துண்டில் "கோட் 1 – 2900" என்று எழுதித் தந்தார். கடைப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. அதையும் மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, ஏதோ கெட்டித்தனம் செய்தவன் போல வீட்டுக்கு வந்தேன்.

மூன்று கிழமை ஒரு பிரச்சினையும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, குக்கரில் சோறும் கேத்திலில் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணியும் ஒன்றாகப் போட்டிருந்தது. "தம்பி, என்னவோ மணக்குது" என்று அம்மா கூப்பிட்டா. ஓடிப்போய்ப் பார்த்தால் வயர் தொட முடியாத சூடு. பிளக் செருகிய இடத்தில் பிளாஸ்ரிக் இளகிச் சுவரில் வழிந்திருந்தது. மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுத்தான் கழற்றினேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குக்கர் 700 வாற்ஸ், கேத்தில் 1,500 வாற்ஸ். மொத்தம் 2,200. எங்கள் 230 வோல்ற்றுக்கு அது பத்து ஆம்பியருக்கும் சற்றுக் குறைவு. 13 ஆம்பியர் என்று பெட்டியில் போட்டிருக்கிற கோட் ஒன்று இதைச் சும்மா தாங்க வேண்டும். நான் அதிகமாக ஏற்றவில்லை.

சித்தப்பாவின் மகன் வயரிங் வேலை செய்கிறவன். பின்னேரம் வந்து கோட்டைப் பிரித்துப் போட்டான். வயரின் மேலே 3 × 1.25 சதுர மில்லிமீற்றர் என்று அழகாக அச்சடித்திருக்கிறது. வெட்டினால் உள்ளே மூன்று இல்லை, இரண்டு வயர்தான். கசிகிற கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகிற ஏர்த் வயரே கிடையாது. ஏர்த் துவாரம் வெறும் துவாரம். அம்மா ஈரக் கையோடு தூக்குகிற கேத்தில் இரும்பு உடம்புள்ளது என்பதை நினைத்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது.

உள்ளே இருந்த இழைகள் தலைமயிர் போல மெல்லியவை. பார்க்கச் செம்பு நிறம். கத்தியால் சுரண்டினான், வெள்ளையாக வந்தது. அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. அலுமினியம் செம்பைப் போலக் கரண்டைக் கடத்தாது, செம்பின் அளவில் ஏறத்தாழ 60 வீதம்தான். அதையும் மெல்லியதாகப் போட்டால் சுடாமல் என்ன செய்யும்? குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துப் பிளக்கின் பின்னில் வைத்தான். ஒட்டிக்கொண்டது. பித்தளை என்றால் காந்தம் ஒட்டாது. இரும்புக்குப் பித்தளை நிறம் பூசியிருக்கிறார்கள். பிளக்குக்குள் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பித் துண்டு.

"பியூஸ் இருந்திருந்தால் போயிருக்கும்தானே?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. பத்து ஆம்பியருக்கு 13 ஆம்பியர் பியூஸ் ஏன் போகுது? ட்ரிப் சுவிச்சும் விழாது. அது கரண்ட் கசிஞ்சால்தான் விழும், வயர் சுட்டால் அதுக்குத் தெரியாது."

இது எனக்குப் புதிது. வீட்டில் ட்ரிப் சுவிச் இருக்கிறது, ஒன்றும் நடக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஆட்களில் நானும் ஒருவன். அந்தக் கோட் எரிந்து பிடித்திருந்தாலும் அது பேசாமல் இருந்திருக்கலாம்.

மச்சாள் வீட்டில் அதே கொம்பனியின் வேறொரு மாதிரியில் உண்மையான கோட் ஒன்று இருந்தது. இரண்டையும் கையில் தூக்கினாலே தெரிந்தது. என்னுடையது ஏறக்குறையப் பாதி நிறைதான். கடையில் நின்றபோது பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தேனே தவிர, தூக்கிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். "எங்கடை கடையிலைதான் வாங்கினதெண்டு என்ன அத்தாட்சி?" என்றார் அதே மனுசன், என்னைப் பார்த்தபடியே. வெள்ளைத் துண்டைக் காட்டினேன். சிரித்தார். அவருடைய தலைக்கு மேலே "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பலகை. ஐந்து நிமிடம் சத்தம் போட்டேன். வேறு ஆட்கள் வந்தார்கள், "தம்பி, பிறகு வாங்கோவன்" என்றார்கள். விற்கும்போது அண்ணையாக இருந்த நான் இப்போது தம்பியாகிவிட்டேன்.

கொம்பனியின் கொழும்பு முகவருக்குப் போன் எடுத்தேன். படம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் பதில்: 5 மீற்றரில் இந்த மாதிரியை நாங்கள் இலங்கைக்குக் கொண்டுவருவதே இல்லை. அதாவது பார்த்துப் போலி செய்ய இந்த மாதிரியில் இங்கே அசல் என்று ஒன்றே கிடையாது. பெயரை மட்டும் எடுத்து, தாங்களாக ஒரு சாமான் செய்திருக்கிறார்கள்.

பிறகுதான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போனேன். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அவர்களுடைய அலுவலகமும் இருக்கிறது. வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், அதைத் தள்ளிப் போடாதீர்கள். அங்கே பெட்டியைக் கொண்டு போனபோது அவர்கள் தேடியவற்றைப் பார்த்துத்தான் நான் தேடியிருக்க வேண்டியது எது என்று விளங்கியது. இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசம்: இல்லை. ஆகக்கூடிய சில்லறை விலை: இல்லை. தொகுதி இலக்கம்: இல்லை. எஸ்.எல்.எஸ். என்கிற இலங்கைத் தர முத்திரை மட்டும் இருந்தது, ஆனால் அதோடு வரவேண்டிய கட்டளை (தர நியம) இலக்கம் இல்லாமல். முன்பக்கத்துப் பெரிய பெயரைத் தவிர, யாராவது பொறுப்பெடுக்கக்கூடிய ஒரு எழுத்தும் அந்தப் பெட்டியில் இல்லை.

பில் விஷயமும் அப்படித்தான். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கத்தான் வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்திலேயே இருக்கிறதாம். பில் கேட்டால் விலை கூடும் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே சாமானை வைத்துவிட்டு வாருங்கள். நான் 522 ரூபாய் மிச்சம் பிடித்தேன். சுவரில் புதுப் பொயின்ற் போட்டு, உருகிய வயரை மாற்ற 7,000 முடிந்தது. சித்தப்பாவின் மகன் கூலி வாங்கவில்லை, அது வேறு.

அம்மாவுக்கு இதில் ஒரு சந்தோசம். "நான் எப்பவும் சொல்றனான், பேர் பாத்து வாங்கு எண்டு" என்கிறா. பேர் பார்த்துத்தான் அம்மா வாங்கினேன் என்று எத்தனை தரம் சொல்லியும் ஏறவில்லை.

அடையாளம் சொல்கிறேன். மஞ்சள் பெட்டி, வெள்ளை வயர், 5 மீற்றர், நாலு துவாரம், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு லைற் உள்ள சுவிச். போன கிழமை சுன்னாகத்தில் வேறொரு கடையிலும் அதே பெட்டி அடுக்கியிருந்தது. விலை கேட்டேன், 3,200 என்றார்கள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அதே நிறைதான்.